லேசர் மழைமானியும் பார்வைத் தூர சென்சாரும்: வடசென்னையில் நிறுவுவோர் கேட்கும் கேள்விகள்

எண்ணூர், மணலி, திருவொற்றியூர், காசிமேடு, ராயபுரம் பக்கம் ஆலை வளாகத்திலோ கல்லூரி மொட்டைமாடியிலோ தானியங்கி மழை, பார்வைத் தூர சென்சார் வைத்திருப்பவர்களுக்கும் வைக்கப்போகிறவர்களுக்கும் இந்தப் பதில்கள். கருவியோடு வரும் கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பனி உறைவதைப் பற்றி அவற்றில் விரிவாகவே இருக்கும். உப்புக் காற்றையும் நிலக்கரிச் சாம்பலையும் நாம்தான் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

லேசர் கருவி மழையை எப்படி அளக்கிறது?

எதிரெதிராக இரண்டு தலைகள் இருக்கும். ஒன்று லேசர் ஒளியைத் தகடு போல மெல்லிசாகப் பரப்பி அனுப்பும், மற்றொன்று அதை வாங்கும். ஓ.டி.டி. நிறுவனத்தின் பார்சிவெல் 2 கருவியில் இந்த ஒளித்தகடு 180 மி.மீ. நீளம், 30 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிமன், ஒளி 650 நானோமீட்டர் சிவப்பு. தீஸ் நிறுவனத்தின் எல்.பி.எம். கருவியில் பரப்பு சுமார் 46 சதுர செ.மீ., ஒளி கண்ணுக்குத் தெரியாத 785 நானோமீட்டர் அகச்சிவப்பு.

ஒரு துளி ஒளித்தகட்டைக் கடக்கும்போது வாங்கும் தலைக்குப் போகும் ஒளி ஒரு கணம் குறைகிறது. எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து துளியின் விட்டமும், எவ்வளவு நேரம் குறைந்திருந்தது என்பதிலிருந்து வேகமும் கிடைக்கின்றன. 2 மி.மீ. துளி நொடிக்கு சுமார் 6.5 மீட்டர் வேகத்தில் விழும். அது பார்சிவெல்லின் தகட்டைக் கடந்து முடிக்க அரை மில்லி நொடிகூட ஆகாது, ஒளியில் ஏறத்தாழ 15-ல் ஒரு பங்கைத்தான் மறைக்கும். இவ்வளவு சிறிய மாற்றத்தை வைத்து அளப்பதால்தான் கண்ணாடியில் படியும் அழுக்கு இந்தக் கருவிக்குப் பெரிய விஷயமாகிறது.

துளியின் விட்டம் எப்படி மழை அளவாகிறது?

விட்டத்தின் மும்மடியை (விட்டம் × விட்டம் × விட்டம்) 0.5236 ஆல் பெருக்கினால் துளியின் கன அளவு. எல்லாத் துளிகளின் கன அளவையும் கூட்டி ஒளித்தகட்டின் பரப்பால் வகுத்தால் மழையின் ஆழம். 2 மி.மீ. துளி ஒன்று 4.19 கன மி.மீ. பார்சிவெல்லின் பரப்பு 5400 சதுர மி.மீ. ஒரு நிமிடத்தில் அப்படி 100 துளிகள் விழுந்தால் 0.078 மி.மீ., அதாவது மணிக்கு சுமார் 4.7 மி.மீ. வீதம்.

இதே கணக்கில் விட்டம் 10 சதவீதம் பிசகினால் மழை 33 சதவீதம் பிசகும். 2 மி.மீ. துளியை 2.2 என்று கருவி படித்தால் 4.7 என்பது 6.2 ஆகிவிடும். கூட்டுத்தொகை ஏன் பக்கத்து நிலையத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

டிப்பிங் பக்கெட் மழைமானி இருக்கும்போது இது எதற்கு?

டிப்பிங் பக்கெட் என்பது தண்ணீர் நிறைந்ததும் சாய்ந்து கொட்டிவிடும் சிறு வாளி; சாய்வுகளை எண்ணி மழையை அளக்கும். 200 மி.மீ. வாய் கொண்ட பக்கெட் மானியில் 0.2 மி.மீ.க்கு ஒரு சாய்வு என்றால், 6.28 மி.லி. தண்ணீர் சேர்ந்தால்தான் அது சாயும். மணிக்கு 0.5 மி.மீ. தூறலில் ஒரு சாய்வுக்கு 24 நிமிடம் காத்திருக்க வேண்டும். மழை எப்போது தொடங்கியது, எப்போது விட்டது என்று அதைக் கேட்டுப் பயனில்லை. கொட்டும் மழையில் வேறு சிக்கல். மணிக்கு 100 மி.மீ. பெய்தால் 7.2 நொடிக்கு ஒரு சாய்வு. வாளி புரளும் இடைவெளியில் விழும் தண்ணீர் கணக்கில் ஏறாமல் போகும். லேசர் கருவி முதல் துளியையே காட்டிவிடும். தூறலா மழையா என்றும் சொல்லும்.

ஆனாலும் பக்கெட்டைக் கழற்றிவிடாதீர்கள். லேசர் தகட்டின் பரப்பு 54 சதுர செ.மீ., பக்கெட்டின் வாய் 314 சதுர செ.மீ. லேசான மழையில் ஒரு நிமிடத்தில் லேசர் பார்ப்பது கைவிரலில் எண்ணும் துளிகளாக இருக்கும். அந்த நிமிட மதிப்பை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. மேலும், பெருமழையில் இரண்டு துளிகள் ஒரே நேரத்தில் தகட்டைக் கடந்தால் கருவி அவற்றை ஒரே பெரிய துளியாக எண்ணும். காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரையிலான கூட்டுத்தொகைக்குப் பக்கெட், நிமிட வீதத்துக்கும் மழையின் வகைக்கும் லேசர் என்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைப்பதே எங்கள் பரிந்துரை. ஒன்றின் கோளாறை மற்றொன்று காட்டிக்கொடுக்கும்.

மழைமானியே பார்வைத் தூரத்தையும் காட்டுகிறதே, தனி சென்சார் வேண்டுமா?

வடசென்னையில் கட்டாயம் வேண்டும். லேசர் மழைமானி காட்டும் பார்வைத் தூரம் துளிகளின் குறுக்குவெட்டைக் கூட்டிப் போட்ட கணக்கு. கருவி காணும் மிகச் சிறிய துளி 0.2 மி.மீ. அளவு. மூடுபனித் துளியோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, புகைத் துகள் அதைவிடப் பல மடங்கு சிறிது. இவை கருவியின் கண்ணிலேயே படுவதில்லை. எதிர்வீடு தெரியாத புகைமூட்டத்திலும் மழை இல்லையென்றால் அது 20 கி.மீ. அல்லது அதன் உச்ச எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். மழை பெய்யும்போது மட்டும் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.

பார்வைத் தூரத்துக்கென்று உள்ளவை இரண்டு வகை. ஒளிக்கற்றை குறிப்பிட்ட தூரம் கடந்தபின் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பது டிரான்ஸ்மிசோமீட்டர். பெங்களூருவின் தேசிய வான்வெளி ஆய்வகம் உருவாக்கிய 'திருஷ்டி' இந்த வகை, நம் நாட்டு விமான நிலைய ஓடுபாதைகளில் இருக்கிறது. இன்னொன்று முன்சிதறல் சென்சார். ஒளியைக் காற்றில் அனுப்பி, 30 முதல் 45 டிகிரி கோணத்தில் சிதறி வருவதை அளக்கும். ஒளிமூலம் பெரும்பாலும் 850 முதல் 875 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்.இ.டி.; லேசர் வைத்த மாதிரிகளும் உண்டு.

இரண்டுமே வெளியிடும் எண் ஒளியியல் வீச்சு. இழை விளக்கின் இணைக்கற்றை காற்றில் 5 சதவீதமாகக் குறைய எவ்வளவு தூரம் ஆகிறது என்பதே அது. இந்த எண்ணால் 3-ஐ வகுத்தால் ஒளி மங்கும் வீதம் வரும். 1000 மீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 3, 5000 மீட்டர் என்றால் 0.6. சராசரி எடுக்கும்போது இந்த மங்கல் வீதத்தைச் சராசரியாக்கி, பிறகு தூரமாக மாற்றுங்கள். நேரடியாகத் தூரங்களைச் சராசரியாக்கினால், நடுவில் வந்துபோன இரண்டு நிமிட அடர்மூட்டம் காணாமல் போய்விடும்.

அழுக்குப் படிந்தால் இரண்டு வகையும் ஒரே மாதிரிதான் பிசகுமா?

இல்லை, எதிரெதிர்த் திசையில் பிசகும். டிரான்ஸ்மிசோமீட்டரில் கண்ணாடி அழுக்கு மூடுபனி போலத் தெரியும், அதனால் பார்வைத் தூரம் குறைவாக வரும். 30 மீட்டர் இடைவெளியில், உண்மையான தூரம் 10 கி.மீ. என்றால் ஒளியில் இழப்பு 1 சதவீதம்கூட இல்லை. கண்ணாடியில் 1 சதவீத அழுக்கு சேர்ந்தாலே அளவு ஏறத்தாழ பாதியாகும்.

முன்சிதறல் சென்சாரில் அழுக்கு ஏறினால் சிதறி வரும் ஒளி குறையும். கருவி காற்று சுத்தம் என்று நினைத்துத் தூரத்தைக் கூட்டிக் காட்டும். இதுதான் ஆபத்தான பிசகு. துறைமுகத்திலோ லாரி ஓடும் சாலையிலோ மூட்டத்தைத் தெளிவு என்று காட்டும் கருவி இருப்பதைவிட இல்லாமலே இருக்கலாம். லென்ஸ் அழுக்கைத் தானே அளந்து ஈடுகட்டும் மாதிரியை மட்டும் வாங்குங்கள்.

போகி அன்று கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை, சென்சார் அவ்வளவு மோசமாகக் காட்டவில்லையே?

காரணம் இரண்டு. எரிப்பிலிருந்து வரும் துகள்கள் ஒரு மைக்ரானைவிடச் சிறியவை. அவை நம் கண் பார்க்கும் பச்சை ஒளியைச் சிதறடிக்கும் அளவுக்கு அகச்சிவப்பைச் சிதறடிப்பதில்லை. இரண்டாவது, டயரும் பிளாஸ்டிக்கும் எரியும்போது வரும் கரி ஒளியை விழுங்குகிறது. விழுங்கப்பட்ட ஒளி முன்சிதறல் சென்சாருக்கு வருவதே இல்லை. மூடுபனிக்காக அளவுதிருத்தப்பட்ட கருவி ஆதலால், கரிப்புகையில் அது தூரத்தைக் கூட்டியே சொல்லும். போகி, தீபாவளி நாட்களின் தரவோடு காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பதியுங்கள். கடலோர உப்புத் துகள் சுமார் 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் நீரை உறிஞ்சிக் கரைந்து பருக்கும். விடிகாலை மூட்டத்தில் எவ்வளவு புகை, எவ்வளவு ஈரம் என்று பிரித்துப் பார்க்க அது உதவும்.

எங்கே வைப்பது?

தடையின் உச்சி கருவியைவிட எவ்வளவு உயரமோ, அதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி. நான்கு மடங்கு தள்ள முடிந்தால் நல்லது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி, கைப்பிடிச் சுவர், படிக்கட்டு அறை மூன்றும் காற்றைச் சுழற்றிவிடும். மாடியின் நடுப்பகுதியில், தரையில் பட்டுத் தெறிக்கும் துளி எட்டாதபடி 1.5 மீட்டருக்கு மேல் வையுங்கள். பார்வைத் தூர சென்சாரை 2.5 மீட்டர் உயரத்தில் வைப்பது விமான நிலைய வழக்கம்.

நம் பகுதிக்கென்று மூன்று எச்சரிக்கைகள். கடலோரக் கல்கொட்டிய இடங்களில் அலை மோதிச் சிதறும் துளியைக் கருவி தூறல் என்று எழுதும். கூலிங் டவருக்குக் காற்று வாட்டத்தில் வைத்தாலும் அதே கதிதான். கன்டெய்னர் லாரிகள் போகும் சாலையோரக் கம்பத்தில் வைத்தால் அதிர்வில் ஒளித்தகடு நடுங்கி, மழையே இல்லாமல் போலித் துளிகள் பதியும். கான்கிரீட் அடித்தளமும் தடித்த குழாயும் அவசியம்.

தலைகளை எந்தத் திசையில் திருப்புவது?

வடக்கு தெற்காக. வாங்கும் தலை வடக்கைப் பார்க்கட்டும். சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே போகும். ஆனால் அப்போது அது தலைக்கு மேலே இருப்பதால் கிடைமட்டக் கற்றைக்குத் தொந்தரவில்லை. வடகிழக்குப் பருவக்காற்று இந்த அமைப்பில் சாய்வாக வரும், அதுவும் ஏற்கத்தக்கதே. காற்று கற்றையின் நீளவாக்கில் நேராக வந்தால் ஒரு தலை மற்றதன் துளிகளை மறைத்துவிடும்.

உப்புக் காற்றுக்கு என்ன முன்னேற்பாடு?

போல்ட், நட் எல்லாம் எஸ்.எஸ். 316 ஆக இருக்கட்டும்; 304 கடலோரத்தில் துருப்பிடிக்கும். அலுமினிய உடலும் எஸ்.எஸ். போல்ட்டும் நேராகத் தொட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும், இடையில் நைலான் வாஷர் போடுங்கள். கனெக்டருக்குள் சிலிக்கோன் கிரீஸ். கேபிள் பெட்டிக்குள் கீழ்ப்பக்கமாக நுழையட்டும், நுழையும் முன் ஒரு தொங்கல் வளைவு கொடுங்கள். தண்ணீர் அதன் அடியில் சொட்டிவிடும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைத்து, நிறம் மாறியதும் மாற்றுங்கள். பெட்டியைத் தரைமட்டத்தில் பொருத்தாதீர்கள். கொசஸ்தலையாற்றுத் தண்ணீர் ஏறும் பகுதிகளில் கடைசியாக வந்த வெள்ளக் குறிக்கு மேல் ஒரு மீட்டராவது இருக்கட்டும்.

கண்ணாடியை எப்படி, எப்போது துடைப்பது?

ஜனவரி முதல் மே வரை மழை வந்து கழுவாத காலம். எண்ணூர், மணலி சுற்றுவட்டாரத்தில் பத்து நாளுக்கு ஒரு முறை துடைப்பது நல்லது. பருவமழையில் மாதம் ஒரு முறை போதும், ஆனால் நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழைக்கு மறுநாள் கட்டாயம் பாருங்கள். சாம்பல் கரைந்து கண்ணாடியில் கோடு கோடாகக் காய்ந்திருக்கும்.

முதலில் டேட்டா லாகரில் (தரவைப் பதியும் பெட்டி) பராமரிப்புக் குறியைப் போடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கைத்துணி ஆலங்கட்டியாகப் பதிவாகும். அடுத்து, எதையும் தேய்க்காமல் பீய்ச்சும் பாட்டிலால் தண்ணீரைப் பீய்ச்சி உப்பையும் சாம்பலையும் வழியவிடுங்கள். காய்ந்த சாம்பலைத் துணியால் துடைத்தால் கண்ணாடி கீறும், அந்தக் கீறல் போகவே போகாது. போர் தண்ணீர் கூடவே கூடாது; இந்தப் பக்கத்து நிலத்தடி நீரின் உப்பு காய்ந்து வெள்ளைப் படலமாக நிற்கும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் ஒரே திசையில் துடைத்து, உலர்ந்த துணியால் முடியுங்கள். தலைகளின் விளிம்பிலும் தெறிப்புத் தடுப்பிலும் சிலந்தி நூல் இருக்கிறதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். கடைசியாக, துடைப்பதற்கு முன்னும் பின்னும் கருவி காட்டிய சிக்னல் அளவை நோட்டில் எழுதுங்கள். துடைத்த பின்னும் அளவு ஏறாமல் மாதாமாதம் இறங்கினால் கண்ணாடியில் குறையில்லை, லேசர் டயோடு தேய்கிறது.

பார்சிவெல்லின் நிலைக் குறியீட்டில் 0 என்றால் சரி, 1 என்றால் கண்ணாடி அழுக்கு ஆனாலும் அளக்கலாம், 2 என்றால் அளவை நம்ப முடியாது, 3 என்றால் லேசர் பழுது. 1 வந்த அன்றே துடைத்துவிடுங்கள்.

சென்னையில் 'உறைபனி' பெய்ததாகப் பதிவாகியிருக்கிறது. கருவி கெட்டுவிட்டதா?

கெடவில்லை. பெரிதாகவும் மெதுவாகவும் விழும் எதையும் கருவி உறைபனி என்று வகைப்படுத்தும். மழைவிட்ட மாலையில் கூட்டமாகப் பறக்கும் ஈசல், காற்றில் ஆடும் சிலந்தி நூல், தலை விளிம்பிலிருந்து சொட்டும் நீர் எல்லாம் அப்படித்தான் தெரியும். புயல் காற்றில் துளிகள் சாய்ந்து தகட்டைக் கடக்கும்போதும் பெரிய துளிகள் மெதுவாக விழுந்தது போலத் தோன்றும்.

இதைப் பிரிக்க வழி இருக்கிறது. மழைத்துளியின் வேகம் அதன் அளவைப் பொறுத்தது: 1 மி.மீ. துளிக்கு நொடிக்கு 4 மீட்டர், 3 மி.மீ. துளிக்கு 8, 5 மி.மீ. துளிக்கு 9. கன், கின்சர் இருவரும் 1949-ல் வெளியிட்ட அளவீடுகள் இவை, இன்றும் இவைதான் உரைகல். இந்த வேகத்திலிருந்து 50 சதவீதத்துக்கு மேல் விலகியவற்றை நீக்குங்கள். விலகி வேகமாக, சிறிதாகத் தெரிபவை பெரும்பாலும் தகட்டின் ஓரத்தை மட்டும் உரசிய பெரிய துளிகள். 8 மி.மீ.க்கு மேற்பட்டதையும் ஆலங்கட்டி இல்லாத நாளில் நீக்கலாம், அவ்வளவு பெரிய துளி விழும்போதே உடைந்துவிடும்.

கருவி சரியாக அளக்கிறதா என்று நாமே சோதிக்கலாமா?

சைக்கிள் கடையில் 1/8 அங்குலம், 3/16 அங்குலம் பால்ரஸ் வாங்குங்கள், 3.18 மி.மீ., 4.76 மி.மீ. கற்றைக்கு 50 செ.மீ. மேலே ஒரு ஸ்ட்ராவை நிமிர்த்திப் பிடித்து, அதன் வழியே ஒவ்வொன்றாக விடுங்கள். கீழே துண்டு விரித்து வையுங்கள். வேகம் நொடிக்கு 3.1 மீட்டர் வர வேண்டும். கற்றையின் நடுவில் பத்து, இரண்டு தலைகளுக்கு அருகில் பத்துப் பத்து. கருவி பெரிய துளிகள் தட்டையாக விழும் என்று எடுத்துக்கொண்டு கணக்கிடுவதால், 4.76 மி.மீ. குண்டு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சிறிதாகத் தெரியலாம், அது கோளாறல்ல. மூன்று இடங்களிலும் ஒரே அளவு வகுப்பில் விழுகிறதா என்பதே முக்கியம். ஒரு தலைக்கு அருகில் மட்டும் வேறாக வந்தால் ஒளித்தகடு சீராக இல்லை, கருவியைத் தயாரிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். வேகம் குறைவாக இருப்பதால் கருவி இதை மழை என்று ஏற்காது. எந்த அளவில், எந்த வேகத்தில் எத்தனை துளி என்று கருவி தரும் மூல அட்டவணையில் பாருங்கள்.

முன்சிதறல் சென்சாருக்கு, அதே நிறுவனம் தரும் ஒளிச்சிதறல் தகடு தேவை. மழையில்லாத, தெளிவான நாளில் லென்ஸைத் துடைத்து, வாங்கும் பக்கத்தை அடைத்துப் பூஜ்யம் பார்த்து, பிறகு தகட்டை மாட்டி அதில் எழுதியிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். மூட்டமான காலையில் இதைச் செய்தால் மூட்டமே அளவுகோலில் ஏறிவிடும்.

எந்தத் தரவைச் சேமிப்பது?

மழை வீதத்தை மட்டும் சேமித்துவிட்டு மூல அட்டவணையை விட்டுவிடுவதுதான் அதிகம் காணும் தவறு. பார்சிவெல்லில் 32 அளவு வகுப்பு, 32 வேக வகுப்பு சேர்ந்து 1024 எண்கள். தீஸ் கருவியில் 22-க்கு 20. நிமிடத்துக்கு ஒரு முறை முழுவதையும் சேமியுங்கள். ஈசலையும் சிலந்தியையும் பின்னால் நீக்க இது ஒன்றே வழி. நிலைக் குறியீடு, சிக்னல் அளவு, மின்னழுத்தம் மூன்றும் ஒவ்வொரு வரியிலும் இருக்கட்டும். நேரத்தை இந்திய நேரமா உலக நேரமா என்று தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

ரேடாரோடு ஒப்பிடுபவர்களுக்கு இந்த அட்டவணை தங்கம். சென்னைத் துறைமுக ரேடார் 40 டிபிஇசட் (மழையில் பட்டுத் திரும்பும் எதிரொலியின் வலுவைச் சொல்லும் அலகு) காட்டினால், மார்ஷல், பால்மர் 1948-ல் தந்த துளிப் பரவலையொட்டிய வழக்கமான சூத்திரப்படி மணிக்கு 11 முதல் 12 மி.மீ.; வெப்பமண்டல மழைக்கான இன்னொரு சூத்திரப்படி 21 முதல் 22 மி.மீ. உங்கள் தெருவில் விழுந்த துளிகள் எந்தச் சூத்திரத்துக்குப் பொருந்துகின்றன என்பதை அந்த 1024 எண்களே சொல்லும்.

சோலார் போதுமா?

தலைகளைச் சூடாக்கும் ஹீட்டரை நிறுத்திவிட்டால் போதும், இங்கே பனி உறைவதில்லை. கண்ணாடிக்கு மட்டும் லேசான சூடு தரும் வசதி இருந்தால் விடிகாலைப் பனிநீருக்காக அதை விட்டுவையுங்கள். சென்சார், லாகர், மோடம் சேர்ந்து சராசரி 4 வாட் என்று வைத்தால் நாளுக்கு 96 வாட் மணி, 12 வோல்ட்டில் 8 ஆம்பியர் மணி. புயல் சின்னம் வந்தால் ஐந்து நாள் வெயில் பார்க்க முடியாது: 40 ஆம்பியர் மணி. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆகவே 80 ஆம்பியர் மணி. எந்த நாளுக்காகக் கருவி வைத்தோமோ அந்த நாளில்தான் சிறிய பேட்டரி கைவிடும்.

லேசரால் கண்ணுக்கு ஆபத்து உண்டா?

லேசர் பாதுகாப்பு வகைப்பாட்டில் பார்சிவெல் 2 வகுப்பு 1, சாதாரணமாகப் பார்ப்பதால் தீங்கில்லை. தீஸ் கருவி வகுப்பு 1எம். பைனாகுலர், லென்ஸ் வழியாகக் கற்றைக்குள் பார்க்கக் கூடாது, அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால் கூடுதல் கவனம் வேண்டும்.

இடி மின்னலுக்கு?

கம்பத்துக்குத் தனி எர்த், தடை 10 ஓமுக்குள். மின் இணைப்பிலும் ஆர்.எஸ். 485 தரவு இணைப்பிலும் இரண்டு முனைகளிலும் சர்ஜ் அரெஸ்டர். தரவுக் கேபிள் முறுக்கு இணையாக, கவசத்தோடு இருக்கட்டும். நீளமான இணைப்பின் கோடிகளில் 120 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். மணல் கலந்த கடலோர மண்ணில் கோடையில் எர்த் தடை ஏறும். மே மாதம் ஒரு முறை அளந்து, தேவையானால் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.